சிம்மக்கல் பூக்கார அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் உங்களுக்குத் தெரியாது. போன ஆடி மூன்றாம் வெள்ளியன்று காலை பத்தரை மணி வாக்கில், சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உங்கள் பூக்கூடைக்கு நாலடி தள்ளி விழுந்தவள் நான். பச்சைச் சுங்கடிச் சேலை, கையில் வயர் கூடை. இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

போன வாரம் உங்களைத் தேடி வந்தேன். உங்கள் இடத்தில் வேறொரு பெண் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா திருப்பூருக்கு மக பேறுகாலத்துக்குப் போயிருக்கு, எப்ப வரும்னு தெரியாது" என்றாள். போன் நம்பர் கேட்டேன். "அது போன் வச்சுக்காதுக்கா" என்று சிரித்தாள். அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். நீங்கள் பத்திரிகை வாசிப்பீர்களோ என்னவோ, பழைய பத்திரிகைத் தாளெல்லாம் கடைசியில் பூ மடிக்க உங்களிடம்தானே வந்து சேருகிறது. இந்தப் பக்கத்தைக் கிழிக்கும் முன் யாராவது படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு நடந்ததை உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் பார்த்தீர்கள். என் பக்கத்தைச் சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. வலது முழங்காலில் பத்து வருஷமாகத் தேய்மானம். மிதிமெஷின்தான் காரணம் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வயசு, எடை, அம்மா வழி என்று மூன்று விரலை மடக்கினார். எதுவானாலும், காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் மரக்கட்டை மாதிரி இருக்கும், பிறகு ஓட ஆரம்பிக்கும். அதோடு வாழப் பழகியிருந்தேன். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்று ஆனபிறகு, நடக்க வேண்டிய தூரத்துக்கெல்லாம் பஸ் ஏறியதும் உண்மை. ஏறுவதற்குக் கம்பி இருக்கிறது, இழுத்துக்கொண்டு ஏறிவிடலாம். இறங்குவதுதான் கஷ்டம்.

அன்று நல்ல காலைத்தான் முதலில் கீழே வைத்தேன். அதுதான் பத்திரம் என்று அத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நல்ல கால் தரையைத் தொடும் வரை நோகிற கால்தான் மேல்படியில் மடங்கியபடி உடம்பு முழுவதையும் தாங்க வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. பாதி வழியில் அது நொடித்தது. வலது முட்டி நடைமேடை விளிம்பில் நேராகப் போய் இடித்தது. தேங்காய் விடல் போட்ட மாதிரி ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது.

அடுத்த நொடி மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார். இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதுதான் நம் ஊர் மரியாதை. சொல்லப்போனால் எனக்கும் அப்போது அதுதான் வேண்டியிருந்தது. நடுத்தெருவில் சேலை விலகிக் கிடக்கும் வெட்கம் வலியைவிடப் பெரிசு. எழுந்து தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்துவிடத்தான் பார்த்தேன்.

"தொடாதீகப்பா! யாரும் தூக்காதீக!"

அந்தக் குரலில் பஸ் டிரைவரே திரும்பிப் பார்த்தார். நீங்கள் கையில் இருந்த நாரைக்கூடக் கீழே போடவில்லை, அப்படியே வந்தீர்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் முதுகை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டீர்கள். முதலில் சேலையை இழுத்துக் கணுக்கால் வரை மூடினீர்கள். பிறகுதான் கேட்டீர்கள்: "தாயி, தலையில அடிபட்டுச்சா? கால் கட்டவெரல ஆட்டு பாப்போம்." ஆட்டினேன். "சரி, கால நீட்டியே வையி. அவசரப்படாத. ரோடு எங்கயும் போயிறாது."

ஜிகர்தண்டா வண்டிக்காரரிடம் ஐஸ் கேட்டு, உங்கள் தோள் துண்டில் சுற்றி முட்டியில் வைத்தீர்கள். நேராகத் தோலில் வைக்க வந்த பையனை அதட்டினீர்கள். பூ மூடும் ஈரச் சாக்கைச் சுருட்டிக் காலுக்கு அண்டக் கொடுத்தீர்கள். எப்படி அக்கா இதெல்லாம் தெரியும் என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை இன்னும் மறக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் மார்க்கெட்டுல மூட்ட எறக்கையில விழுந்தப்ப, நாலு பேரு சேந்து தூக்கி நடக்க வச்சாக. கீறலா இருந்தது ரெண்டாப் போச்சு. அதுக்கப்புறம் மூட்ட தூக்கல."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. காலை மடக்காமல் பின்சீட்டில் நீளவாக்கில் ஏற்றச் சொன்னீர்கள். என் மகளுக்கு என் போனிலிருந்தே பேசினீர்கள். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம் இருக்கும். ஆடி வெள்ளி, அக்கா! பழைய சொக்கநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் மல்லிகைக்கு வரிசையில் நின்றார்கள். நீங்கள் "செத்த இருங்க" என்று ஒருதரம் கையைக் காட்டினீர்கள். சிலர் நின்றார்கள், பலர் அடுத்த கூடைக்குப் போனார்கள். மாட்டுத்தாவணியில் விடியுமுன் என்ன விலைக்கு வாங்கி வந்தீர்களோ, வெயில் ஏற ஏற மொட்டு விரிந்தால் அந்த மல்லி யாருக்கு ஆகும்?

இதற்குத்தான் முதல் நன்றி. அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தால்தான் நீங்கள் செய்தது என்ன என்று உங்களுக்கே விளங்கும்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வி: "வீக்கம் உடனே வந்துச்சா, மறுநாள் வருமளவுக்கு மெதுவா வருதா?" ஆட்டோ வைகைப் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே முட்டி இளநீர்க் குடுக்கை அளவுக்கு வந்துவிட்டது என்றேன். அப்படி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம்: எலும்பில் முறிவோ, உள்ளே தசைநார் அறுந்ததோ இருக்கலாம். மறுநாள் மெல்ல வீங்குவது பெரும்பாலும் மூட்டு தானே சுரக்கிற நீர். எனக்குத் தேய்மானத்தில் வழக்கமாக வருவது இந்த இரண்டாவது வகை. வித்தியாசம் அன்றுதான் தெரிந்தது.

எப்போது எக்ஸ்ரே எடுப்பது என்பதற்குக்கூட ஒரு கணக்கு உண்டாம். கனடாவில் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1990களில் வகுத்தது. வயது 55 அல்லது அதற்கு மேல். முழங்கால் சில்லை மட்டும் தொட்டால் வலி. முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே இருக்கிற சின்ன எலும்பின் தலையில் வலி. 90 டிகிரிக்கு மடக்க முடியாமை. நாலு எட்டு வைக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலே படம் எடுத்துவிட வேண்டும். எனக்கு வயதும் இருந்தது, சில்லில் விரல் பட்டதும் நான் போட்ட சத்தமும் இருந்தது. நடக்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை.

படத்தில் சில்லின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஆனால் என் முட்டி ஏற்கெனவே தேய்ந்த முட்டியல்லவா? அதில் இல்லாத கோளாறு இல்லை. உள்பக்கம் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கியிருந்தது. ஓரமெல்லாம் எலும்பு முள். எது பழசு, எது இன்றைக்கு வந்தது? நல்லவேளையாக 2019-இல் எடுத்த எக்ஸ்ரே பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. மகள் கொண்டு வந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டர். முள் இரண்டிலும் இருந்தது; கோடு ஒன்றில் மட்டும்தான். பழைய படத்தை நாலு தடவை குப்பையில் போடப் பார்த்து, தூசி தட்டி மறுபடி செருகியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

தேய்மானக்காரர்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்போதும் வலிக்கிற கால்தானே, இன்னும் கொஞ்சம் வலிக்கிறது, தைலம் தேய்த்தால் போகும் என்று இருந்துவிடுவோம். நீங்கள் மட்டும் அந்த ஆட்டோவை நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் பஸ் பிடித்து வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

பிறகு டாக்டர் ஒரு காரியம் செய்யச் சொன்னார். "முட்டிய மடக்காம, அப்படியே கால மேல தூக்குங்க பாப்போம்." கண்ணில் தண்ணீர் வர, நாலு விரற்கடை தூக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆபரேஷன் வேணாம்மா."

ஏன் என்று அவர் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொடைத் தசைதான் கயிறு. அது முட்டிச் சில்லின் மேலாக வந்து கீழ்க்காலைப் பிடித்து இழுக்கிறது. அந்தச் சில்லுதான் ராட்டினம். சில்லு இரண்டாகப் பிரிந்து கயிறும் அறுந்துபோனால் காலை நீட்டித் தூக்கவே முடியாது. அப்போது திறந்து, இரண்டு துண்டையும் சேர்த்து, கம்பியை எட்டு மாதிரி வளைத்து இறுக்கிக் கட்டுவார்களாம். (தையல்காரிக்கு இது கேட்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது, சொந்தக் கால் இல்லை என்று ஆனபிறகு.) எனக்குக் கீறல் விட்டிருந்தது, பிரியவில்லை. அதனால் காலை நேராக வைக்கும் பட்டை ஆறு வாரம், அவ்வளவே.

"என்னை அப்பவே தூக்கி நிறுத்தியிருந்தா?" என்று கேட்டேன்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா மடங்கின முட்டியோட எந்திரிக்கையில தொடைத் தசை சில்ல மேல இழுக்கும், கீழ இருக்கிற நார் கீழ இழுக்கும். கீறல் பிரியிறதுக்கு அது போதும். தூக்காம இருந்தாங்களே, யாரு?"

பூக்கார அக்கா என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபின் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு சித்தி நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உருவிவிட வந்தாள். வாசலிலேயே மகள் மடக்கிவிட்டாள். கொழுந்தனாருக்குப் புத்தூர் கட்டின் மேல் அசையாத நம்பிக்கை. ஆந்திரத்துப் புத்தூரில் தொடங்கி இங்கே தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிற வைத்தியம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை. கை முறிந்து அதில் சேர்ந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன், இகழ மாட்டேன். ஆனால் மூட்டுக்குள் ஓடுகிற முறிவைப் படம் பார்க்காமல் கட்டுவதற்கு என் முட்டியைக் கொடுக்க மனசு வரவில்லை. முடக்கத்தான் தோசை மட்டும் மூன்று வாரம் தின்றேன். தோசை நன்றாக இருந்தது.

அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்தவன், எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எடுத்தோம். "சவ்வு கிழிந்திருக்கிறது" என்று தாள் வந்தது. வீடே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு இடத்தில் காட்டினால், துளை போட்டுச் சவ்வைச் சீர் செய்து, கையோடு முட்டியைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்றார்கள். தொகையும் சொன்னார்கள். திரும்பி நம் சின்ன டாக்டரிடம் வந்தோம். அவர் கிழிசலைப் பார்த்துப் பதறவே இல்லை. அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் முட்டிகளைப் படம் பிடித்து 2008-இல் வெளியிட்டார்களாம். சவ்வு கிழிந்திருந்தவர்களில் 100-க்கு 61 பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ பிடிப்போ எதுவுமே இல்லை. வயதானால் சவ்வும் பழைய வேட்டி மாதிரி நைந்துபோகும், அதற்கும் வலிக்கும் எப்போதும் முடிச்சுப் போட முடியாது என்றார்.

சுத்தம் பண்ணும் கதை இன்னும் வேடிக்கை. ஹூஸ்டன் நகரத்தில் தேய்மான முட்டிக்காரர்கள் 180 பேரைப் பிரித்து, சிலருக்கு உண்மையாகவே துளை போட்டுக் கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருஷம் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வந்தது: வெறும் தையல் போட்டவர்களைவிட மற்றவர்களுக்கு வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவள், இப்படி ஒரு தையலைக் கேள்விப்பட்டதில்லை.

இந்தச் சண்டையெல்லாம் ஒருபக்கம் நடக்க, என்னை நடக்க வைத்தது ஒரு சின்னப் பெண். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்ட்டில் தொடங்கினார்களே, அதில் வீட்டுக்கே வருகிற பிசியோதெரபிஸ்ட். ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். முதல் நாளே தொடையைத் தொட்டுப் பார்த்து, "தூங்குது ஆன்ட்டி" என்றாள். மூட்டில் வீக்கம் இருந்தால் தொடைத் தசைக்குப் போகிற கட்டளையை உடம்பே குறைத்துவிடுமாம். நாம் எவ்வளவு நினைத்தாலும் அது முழுசாக இறுகாது. இரண்டே வாரத்தில் வலது தொடை இடதைவிட இரண்டு விரல் மெலிந்துவிட்டது, இஞ்சு டேப் வைத்து நானே அளந்தேன். தேய்ந்த மூட்டுக்குத் தாங்கலே அந்தத் தசைதான். அதுவும் போய்விட்டால், எலும்பு சேர்ந்தாலும் கால் மறுபடி நொடிக்கும், மறுபடி விழ வேண்டியதுதான்.

அதற்கு அவள் சொன்ன வைத்தியம் ஒரு துண்டு. சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, முட்டியால் அதைக் கட்டிலோடு அழுத்த வேண்டும். பத்து எண்ண வேண்டும், விட வேண்டும். துண்டு கேட்டாள். மகள் எடுத்துக் கொடுத்தது உங்கள் துண்டு, அக்கா. ஐஸ் சுற்றியதை ஆட்டோவோடு கொண்டு வந்துவிட்டோம். நீலக்கட்டம் போட்டது, ஒரு முனையில் நார் சிக்கியிருந்தது. முதல் தடவை துவைத்தபோதும் மல்லி வாசம் போகவில்லை, இரண்டாவதில் போய்விட்டது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இருபது தடவை அதைத்தான் அழுத்தினேன். முதல் வாரம் துண்டு அசையவே இல்லை. நாலாவது வாரம் தட்டையாகிவிட்டது.

ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது என்றும் அவள்தான் சொன்னாள். நோகிற பக்கம் என்று ஊரே பிடிக்கிறது, சினிமாவிலும் அப்படித்தான். எதிர்க்கையில் பிடிக்க வேண்டுமாம். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோகிற கால் முதலில். பஸ்ஸுக்கும் அதேதான். பத்து வருஷம் தேய்மானத்துக்கு மாத்திரை வாங்கியிருக்கிறேன், இந்த ஒரு வரியை ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உங்களைச் சந்தித்திருக்க மாட்டேன் என்பதும் ஒன்று இருக்கிறது.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு விட்டால் எலும்பின் பலத்தையும் பார்க்க வேண்டும் என்று டெக்ஸா எடுத்தார்கள். கழித்தல் 2.5-ஐத் தொட்டால் எலும்புப்புரை. எனக்குக் கழித்தல் 1.9. வேலியோரம் நிற்கிறேன். எடை 74 கிலோ இருந்தது, இப்போது 70. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறையுமாம். நாலு கிலோவுக்குப் பதினாறு. அரிசி மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இறக்கி வைத்த மாதிரி.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நீங்கள் நிமிர்ந்தபோது உங்கள் முட்டியிலும் கை ஊன்றித்தான் நிமிர்ந்தீர்கள். சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. தரையில் ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்தவைத்து எத்தனை வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களோ. உங்கள் துண்டின் வேலை எனக்கு முடிந்துவிட்டது. நாரை எடுத்துவிட்டு, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். கூடவே ஒரு பொருளும் இருக்கிறது: பலகை முக்காலி, ஓரடி உயரம், மேலே பழைய ரவிக்கைத் துணிகளை ஒட்டுப்போட்டு நானே தைத்த மெத்தை. நீங்கள் அதில் உட்காருவீர்களா, பேத்திக்குக் கொடுத்துவிடுவீர்களா என்பது உங்கள் பாடு. ஜிகர்தண்டாக்காரர் ஐஸுக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். இரண்டு கிளாஸ் குடித்துக் கணக்கைச் சரிசெய்தேன், எடைக்கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

அன்று விரிந்துபோன மல்லிக்கு எவ்வளவு என்று மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆடி வெள்ளி விலையில் சொல்லுங்கள்.

என் விலாசத்தை அந்தக் கதம்பக்காரப் பெண்ணிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து திரும்பியதும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பூ தீர்ந்தபின் வாருங்கள். பஸ் வாசலிலேயே நிற்கும். கீழ்வீடுதான். படி இரண்டே இரண்டு, வலது பக்கம் புதுசாகக் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
பச்சைச் சுங்கடி